ஆறாவது வளைவில் மஞ்சள் கொடி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதியுள்ளபடி சரியே. வயது நாற்பத்து நான்கு. பள்ளி வேன் ஓட்டுகிறேன். பதினோரு ஆண்டுகளாக ஒரே பள்ளிக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று ஓட்டி வருகிறேன். தற்சமயம் பதினான்கு பிள்ளைகள். இத்தனை ஆண்டுகளில் என் வேன் யார் மீதும் உரசியதில்லை. என் வேன் மீது ஒரு முறை பால் வண்டி உரசியது, அது அந்த வண்டிக்காரரே ஒப்புக்கொண்ட விஷயம். என் கணவர் லிப்ட் மெக்கானிக். ஒரே மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். என் பேரில் இதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்தோ வற்புறுத்தியோ இதைச் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்லக் காவல் நிலைய எழுத்தர் எழுதினார்.

ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பு, பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே உள்ள கார்ட் பந்தயத் தளத்துக்குச் சுற்றுலாவாக அழைத்துப் போனார்கள். வேனை நான் ஓட்டிச் சென்றேன். கார்ட் என்பது கூரையும் கதவும் இல்லாத, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஓடும் சின்னப் பந்தய வண்டி. கியர் கிடையாது. வலது காலுக்கு ஆக்சிலேட்டர், இடது காலுக்கு பிரேக், அவ்வளவுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை பயந்துபோய் இறங்கிவிட்டதால் ஒரு வண்டி காலியாக நின்றது. அங்கே பயிற்சியாளராக இருக்கும் பெண், வயது இருபத்தாறு இருக்கும், என்னைப் பார்த்து, "அக்கா, சும்மாதானே நிக்கிறீங்க, ஏறுங்க" என்றார். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் சொன்னேன். அதற்குள் பிள்ளைகள் எல்லோரும் "வேன் ஆன்ட்டி, வேன் ஆன்ட்டி" என்று கத்தத் தொடங்கியதால் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் மூன்று சுற்றும் நான் வேன் ஓட்டுவது போலத்தான் ஓட்டினேன். இடது கை கியரைத் தேடியது, கண் கண்ணாடியைத் தேடியது, கட்டை விரல் ஹாரனைத் தேடியது. மூன்றும் அந்த வண்டியில் இல்லை. பிள்ளைகள் அனைவரும் என்னைக் கடந்து போனார்கள். ஓரத்தில் நின்றவர் எனக்கு ஐந்து முறை நீலக் கொடி காட்டினார். என்னை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து ஐந்து முறையும் பதிலுக்குக் கையசைத்தேன். பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடைசிச் சுற்றில் வண்டி என்னோடு சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. முடிந்த பிறகு எல்லோருக்கும் நேரம் அச்சிட்ட தாள் கொடுத்தார்கள். ஒரு சுற்றுக்கு எனக்கு ஒரு நிமிடம் முப்பத்தொரு விநாடி. என்னைவிட மெதுவாக யாரும் இல்லை. அந்தத் தாளை நான் தூக்கிப் போடாமல் மடித்து ஓட்டுநர் உரிமத்தோடு வைத்துக்கொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உன் வேனை ஆமையே ஹாரன் அடிச்சு ஓவர்டேக் பண்ணும். உனக்கு ரேஸா?" என்று கேட்டார். பதினோரு வருடம் மற்றவர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மெதுவாகப் போனேன், இனி வாரத்தில் அரை நாள் என்னை மட்டும் வைத்துக்கொண்டு வேகமாகப் போகிறேன் என்று பதில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே புதியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன்.

அது பத்துச் சனிக்கிழமை நடக்கும் வகுப்பு. மொத்தம் எட்டுப் பேர். அவர்களில் இந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் இருவர். ஒருவர் என் மீது புகார் கொடுத்துள்ளவர், பர்னிச்சர் கடை வைத்திருப்பவர், வயது ஐம்பது. வகுப்பில் எல்லோரும் அவரை ஷோரூம் சார் என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. படிப்பு முடியும் முன்பே அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டோம். என்னை வேன் அக்கா என்றார்கள். பயிற்சியாளரை நான் மிஸ் என்று கூப்பிட்டேன். அவர் முதலில் கூச்சப்பட்டார், பிறகு விட்டுவிட்டார்.

முதல் வாரம் வண்டியில் உட்காரவும் தலைக்கவசத்துக்குள் முடியை அடக்கிக் கட்டவும் மட்டுமே சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகு பிரேக்கைத் திருப்பத்துக்குள் போய் மிதிக்காமல் நேராக இருக்கும்போதே மிதித்து முடிக்க வேண்டும் என்றும், இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் மிதிக்கக் கூடாது என்றும், வளைவில் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வந்து மறுபடி வெளி ஓரத்துக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது என்பதால் தரையில் உள்ள ஒவ்வொரு மேடும் விலா எலும்புக்கு வந்து சேரும். இரண்டாவது வாரம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கணவர் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டே, "லிப்டுல மூணு மணி நேரம் மாட்டுனவங்ககூட இப்படி முனகினதில்ல" என்றார். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை காலை என் காலணியை அவர்தான் துடைத்து வைத்திருந்தார்.

மிஸ் அடிக்கடி சொன்னது ஒன்று. "அக்கா, கண்ணு எங்க போகுதோ அங்கதான் வண்டி போகும். முன்னாடி வண்டியோட பின்பக்கத்தையே பாக்காதீங்க, அதுக்கு அந்தாண்ட பாருங்க." இது எனக்குச் சுலபமாக வந்தது. வேனில் நான் செய்வதும் அதுதான். முன்னால் போகும் பேருந்தைப் பார்த்து ஓட்டினால் பிள்ளைகளை ஏற்ற முடியாது. பேருந்துக்கு அப்பால் யார் குறுக்கே ஓடி வரப் போகிறார்கள் என்று பார்த்துத்தான் ஓட்டுவேன். கொடிகளையும் மனப்பாடம் செய்தோம். அசையும் மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்று பொருள்.

மூன்றாவது வாரம் ஷோரூம் சார் என்னை முந்தும்போது அவர் வண்டியின் முன்பக்கம் என் வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பட்டு, என் வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. மிஸ் எல்லோரையும் கூப்பிட்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் லேசாகத் தள்ளினாலே வண்டியின் வால் ஒரு பக்கமும் மூக்கு எதிர்ப் பக்கமும் போய்ச் சுற்றிவிடும், அதனால் அந்த இடத்தில் யாரும் யாரையும் தொடக் கூடாது என்று வண்டியைக் கையால் தள்ளிக் காட்டிச் சொன்னார். ஷோரூம் சார் அன்றே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று முதல் ஒவ்வொரு வாரமும் வகுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போவோம். இந்தப் பழைய மோதலை மனதில் வைத்து நான் பழி தீர்த்ததாகப் புகாரில் எழுதியிருப்பதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். அது உண்மை அல்ல.

ஒன்பதாவது வாரம் என் நேரம் ஒரு நிமிடம் இரண்டு விநாடியாக இறங்கியது. ஷோரூம் சாருக்கு ஒரு நிமிடம் ஒரு விநாடி. டாக்டரம்மாவுக்கு எங்கள் இருவரையும்விடக் குறைவு.

கடந்த சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பத்தாவது வகுப்பு, அதாவது புதியவர்களுக்கான பந்தயம் நடந்தது. மொத்தம் பதினைந்து சுற்று. வழக்கமாக ஆறாவது வளைவில் இருவர் நிற்பார்கள். ஒருவர் கொடி காட்டுவார், மற்றவர் நின்றுபோன வண்டியை ஓரம் கட்டுவார். அன்று இரண்டாவது ஆள் வரவில்லை. கொடி காட்டும் அண்ணன் ஒருவரே இருந்தார். இதைப் பந்தயம் தொடங்கும் முன்பே நான் கவனித்தேன். ஆனால் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு.

பதினொன்றாவது சுற்றில் முதல் இடத்தில் இருந்தவர் வெகு முன்னால் போய்விட்டார். இரண்டாவதாக டாக்டரம்மா, அவருக்குக் கால் சுற்றுக்கு மேல் பின்னால் மூன்றாவதாக ஷோரூம் சார், அவரை ஒட்டி நான். ஐந்தாவது வளைவில் நாங்கள் நுழைந்தபோது டாக்டரம்மா எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆறாவது வளைவுக்குப் போயிருந்தார். அங்கே அவர் வண்டி உள் ஓர மேட்டில் ஏறி, அடிப்பாகம் மாட்டிக்கொண்டு, பாதையின் வலது பக்கத்தில் குறுக்காக நின்றுவிட்டது. கொடி அண்ணன் தன் மஞ்சள் கொடியை அசைத்துப் பார்த்துவிட்டு, ஆள் துணை இல்லாததால் கொடியை, வண்டிகள் மோதினால் தாங்குவதற்காக ஓரத்தில் வைத்திருக்கும் டயர் அடுக்கின் இடுக்கில் செருகிவைத்து, பாதைக்குள் இறங்கி அந்த வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். இது பிறகு அவர் சொல்லித் தெரிந்தது. நான் கண்ணால் பார்த்தது, ஐந்தாவது வளைவை விட்டு வெளியே வந்ததும் டயர் இடுக்கில் தொங்கிய மஞ்சள் துணி, குறுக்காக நின்ற வண்டி, அதற்குள் வெள்ளைத் தலைக்கவசம், அதன் பின் முனையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்த ஒரு மனிதர்.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே உள்ள தூரம் என் வேன் பத்தை வரிசையாக நிறுத்தும் அளவுதான் இருக்கும். ஷோரூம் சார் நான் முந்தாமல் இருக்க வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். என் முன் சக்கரம் அவருடைய இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் உடனே இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், முன்னால் பார்க்கவில்லை, காலையும் எடுக்கவில்லை. நான் கத்தினேன். தலைக்கவசத்துக்குள் கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் இரண்டாவது முறையும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

அப்போது என்னிடம் இரண்டு வழி இருந்தது. பிரேக்கை மிதித்திருந்தால் என் வண்டி நின்றிருக்கும், என் மீது இன்று புகாரே இருந்திருக்காது. ஷோரூம் சாருடைய வண்டி நேராகப் போய் அந்த இருவர் மீது ஏறியிருக்கும். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பி, என் வண்டியின் முன் பம்பரை அவர் வண்டியின் இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளினேன். அவர் வண்டியின் வால் வலது பக்கம் போக, மூக்கு இடது பக்கம் திரும்பி, என் முன்னால் குறுக்காகக் கடந்து, இடது ஓரத்தில் இருந்த டயர் அடுக்கில் போய் முட்டியது. அதன் பிறகுதான் நான் பிரேக்கை மிதித்தேன். என் வண்டி அரைச் சுற்றுச் சுற்றி, கொடி அண்ணனின் காலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றது.

கொடி அண்ணன் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். திரும்பியவர் முதலில் தன் கொடியைத் தேடி எடுத்து, பின்னால் வரும் மற்ற வண்டிகளுக்கு அசைத்தார். அவர்கள் அனைவரும் நின்றுவிட்டார்கள். டாக்டரம்மா தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அவர் எங்கள் பக்கம் தலையைத் திருப்பியபடிதான் உட்கார்ந்திருந்தார், எல்லாவற்றையும் பார்த்தவர். "ஆன்ட்டி, நான் எறங்கலாமா?" என்று கேட்டார். இறங்கும்மா என்றேன்.

அதன் பிறகு நான் ஷோரூம் சாரிடம் ஓடினேன். அவர் நினைவோடு இருந்தார். "என்னம்மா பண்ணிட்டீங்க" என்று ஒரே ஒரு முறை கேட்டார். இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது. கை வீங்குவதற்குள் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். நான் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் மணிக்கட்டும் இடது தோளெலும்பும் முறிந்துள்ளதாகச் சொன்னார்கள். கடிகாரத்தை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயத் தளத்தின் உரிமையாளர் என் வீட்டுக்கு வந்தார். கணவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உரிமையாளர் என்னிடம், "கால் வழுக்கிடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விளையாட்டுல முட்டுறது மோதுறது சகஜம். கேஸே நிக்காது" என்றார். கொடி அண்ணன் பாதைக்குள் நின்றதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். "அதை நீங்க ஏன் சொல்லணும்? அவன் கொடியை விட்டுட்டுப் போனது அவன் தப்பு. அதை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

நான் அவரிடம் சொன்னது இதுதான். "என் கால் வழுக்கலீங்க. தினமும் பதினாலு பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற கால் இது. வழுக்குற காலுன்னு நானே எழுதிக் கொடுத்தா, நாளைக்கு எந்த அம்மா என் வேன்ல பிள்ளைய ஏத்துவா? அந்த அண்ணன் கொடியை விட்டுட்டு ஓடல, ஒரு ஆள் குறைஞ்ச இடத்துல ரெண்டு ஆள் வேலை பாத்தாரு." அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அவர் போன பிறகு கணவர் எண்ணெய்க் குப்பியை மூடிக்கொண்டே, "வேன் போச்சுன்னா?" என்று கேட்டார். "வேன் போச்சுன்னா லாரி ஓட்டுறேன்" என்றேன். "லிப்ட்ல வேலை இருக்கு, ஆனா நீ குறுக்கால ஓட்டுவ, அது மேல கீழதான் போகும்" என்றார்.

அன்று மாலை நான் மருத்துவமனைக்குப் போனேன். ஷோரூம் சார், "எதுக்குக் கை தூக்குனீங்க? ஜெயிச்சுட்டேன்னு காட்டுறீங்கன்னு நெனச்சேன்" என்றார். முன்னால் ஆள் இருந்ததைக் காட்டத் தூக்கினேன் என்றேன். "அங்க யாருமே இல்லையே" என்றார். "இருந்தாங்க சார். நீங்க என்னைப் பாத்துட்டு இருந்தீங்க" என்றேன். புகாரில் அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்க்கவில்லை, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

திங்கட்கிழமை பள்ளித் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வரும்வரை வேனை ஓட்ட வேண்டாம் என்றார். நான் சாவியைக் கொடுத்தேன். எனக்குப் பதிலாக வந்தவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நடை கூடவே போனேன். எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும், யார் யாரை அடுத்தடுத்து உட்கார வைக்கக் கூடாது, எந்த வீட்டு வாசலில் நாய் உண்டு என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, பள்ளி வாசலில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஆய்வாளர் கேட்ட கேள்விகளுக்குப் பதில்: அந்த இடத்தில் கேமரா இல்லை. டாக்டரம்மாவும் கொடி அண்ணனும் தங்கள் வாக்குமூலத்தைத் தர வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்கள். அவர்களோடு நான் இதைப் பற்றிக் கலந்து பேசவில்லை. கொடி அண்ணன் கொடியைச் செருகியது ஏன் என்று மட்டும் சனிக்கிழமை அங்கேயே கேட்டேன், அவர் சொன்னதை மேலே சொல்லியிருக்கிறேன். ஷோரூம் சாருக்கு அடிபடும் என்று எனக்கு அப்போது தெரியுமா என்றால், தெரியும். டயரில் முட்டுபவருக்கு எலும்பு முறியலாம், மனிதர்கள் மீது ஏறினால் அதைவிடப் பெரிதாகப் போகும் என்று நினைத்தேன். அவருக்கு அடிபட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, தள்ளியதில் வருத்தம் இல்லை. மறுபடி கார்ட் ஓட்டுவேனா என்றால், ஓட்டுவேன். அடுத்த நிலை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். வரிக்கு வரி கேட்டேன். ஆறாவது வளைவு பற்றிய சுருக்கத்தில், "அவ்வாறு ஓட்டி வந்தபோது முன் சென்ற வண்டி மீது மோதிவிட்டேன்" என்று இருந்தது. அதை மாற்றச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்று எழுத்தர் கேட்டார். ஒன்றில்லை, மோதிவிட்டேன் என்றால் என் கை மீறி நடந்தது போல் ஆகிறது என்றேன். ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அந்த வார்த்தை உங்களுக்குச் சாதகமாத்தான் இருக்கு. மாத்தினா உங்க தலையிலதான் வந்து விடியும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். எழுத்தர் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்து, மேலே "மோதினேன்" என்று எழுதினார். அதன் ஓரத்தில் என் முதலெழுத்தைப் போட்டேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும் ஆகும். கூட்டிச் சொன்னது இல்லை, மறைத்தது இல்லை. திருத்தம் ஒன்று, அது என் விருப்பப்படி செய்யப்பட்டது. முழுவதும் கேட்டு, சரி என்று கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)
பள்ளி வேன் ஓட்டுநர்